இல்லறத்தில் ஒரு விரதம்

நமது சங்கத்து இதழில் பிள்ளைகளின் படிப்பு, ஊர்த் திருவிழா, வாடகை வீட்டுத் தொல்லை முதலிய பொருள்களைப் பற்றி அன்பர்கள் பலர் எழுதியிருக்கின்றனர். பிள்ளைப்பேற்றை எவ்வாறு தள்ளிவைப்பது என்பதைப் பற்றி ஒருவரும் எழுதியதாக எனக்கு நினைவில்லை. ஊரில் இருந்தால் அக்காளிடமோ மதினியிடமோ ஒரு பெண் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வாள். கரக்பூரில் அடுத்த வீட்டார் தெலுங்கர். எதிர் வீட்டார் வங்காளியர். மருத்துவர் பேசுவது இந்தி. உடம்பைப் பற்றிய பேச்சுக்கு நம் பெண்களுக்கு மொழியே இல்லாமற் போகிறது. ஆகவேதான் எழுதத் துணிந்தேன். என் மனைவியின் இசைவோடு எழுதுகிறேன். கைப்படியை அவள் இருமுறை வாசித்து, மூன்று இடங்களில் அடித்தும் கொடுத்தாள்.

நான் பத்தாம் வகுப்புத் தேறியவன். ரயில்வேயில் கடைநிலை ஊழியனாகச் சேர்ந்து, துறைத் தேர்வு எழுதி எழுத்தன் ஆனேன். பார்சல் அலுவலகத்தில் வேலை. வாரத்துக்கு வாரம் மாறும் ஷிப்டு. மருத்துவம் படித்தவன் அல்லன். கீழே உடற்கூற்றைப் பற்றி வருவன கற்றவரிடம் கேட்டும் படித்தும் அறிந்தவை. மற்றவை எங்கள் வீட்டில் நடந்தவை.

2016-இல் தூத்துக்குடியில் எங்களுக்குத் திருமணம் நடந்தது. அடுத்த ஆண்டு மகள் பிறந்தாள். 2019-இல் மனைவி மீண்டும் கருவுற்றபோது ஆறாம் மாதத்திலேயே இரத்த அழுத்தம் ஏறிற்று. காலும் முகமும் வீங்கின. ஏழாம் மாதத்தில் குழந்தை தங்கவில்லை. தாய் பிழைத்ததே பெரிது என்றார் மருத்துவர். வீட்டுக்கு அனுப்பும் நாளன்று, இரண்டு ஆண்டுகளுக்குக் குறையாமல் கருத்தரிக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். அழுத்தம் உள்ளவளாதலால் வழக்கமான மாத்திரை ஆகாது; காப்பர் டி வைத்துக்கொள்ளலாம்; ஒரு பிள்ளை போதுமென்றால் அறுவை செய்துகொள்ளலாம் என்றும் கூறினார். அக்கறையோடு சொன்ன சொல்தான் அது. என் மனைவி தலையை மட்டும் அசைத்தாள். வெளியே வந்து ரிக்ஷாவில் ஏறிய பிறகு, "இரண்டும் வேண்டாம்" என்றாள்.

நாங்கள் தலைமுறை தலைமுறையாகக் கத்தோலிக்கர். 1968 ஜூலை 25-ஆம் நாள் திருத்தந்தை ஆறாம் பவுல் எழுதிய 'மனித உயிர்' என்னும் சுற்றுமடல், தக்க காரணம் இருப்பின் தம்பதியர் பிள்ளைப்பேற்றை இடைவெளிவிட்டுக் கொள்ளலாம் என்று ஒப்புகிறது. ஆனால் கருத்தரிக்காத நாள்களை அறிந்து நடப்பதையே அது ஏற்கிறது. பிற வழிகளை ஏற்பதில்லை. இது எனக்கு வெறும் செய்தி, அவளுக்குக் கட்டளை. நான் ஞாயிற்றுக்கிழமைப் பூசையோடு நின்றுவிடுகிறவன். அவளோ மூன்று மணிக்கு விழித்தாலும் ஜெபமாலையை எடுத்துக்கொள்கிறவள்.

"குழந்தையைப் பறிகொடுத்த பிறகுமா இந்தக் கட்டுப்பாடு?" என்று நான் கேட்டேன்.

"எனக்கும் அவருக்கும் வழக்கு இருக்கிறது. அந்த வழக்கு இன்னும் முடியவில்லை. முடிவதற்குள் அவர் சொல்லை நான் ஏன் மீறவேண்டும்?" என்றாள்.

இதற்கு என்னிடம் விடை இல்லை. என் தாயாரிடம் விடை இருந்தது. தொலைபேசியில் அவர், "உன் மதினி மூன்றாவது பிள்ளைக்குப் பிறகு ஆப்பரேஷன் செய்துகொள்ளவில்லையா? அவளும்தானே பூசைக்குப் போகிறாள்! சாமி அவளைக் கோயிலை விட்டு விரட்டிவிட்டாரா?" என்றார். அம்மா சொன்னதில் பொய் இல்லை. நம் நாட்டில் மிகுதியாகக் கையாளப்படும் முறை பெண்ணுக்குச் செய்யும் அறுவைதான். 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி மணமான பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 38 பேர் அதைச் செய்துகொண்டவர்கள். ஆணுக்குச் செய்யும் அறுவையோ நூற்றுக்கு 0.3, அதாவது ஆயிரம் வீட்டுக்கு மூன்று. பிள்ளை வேண்டும் என்றாலும் பெண்ணின் உடம்பு, வேண்டாம் என்றாலும் பெண்ணின் உடம்பு என்று நம் சமூகம் எப்போதோ தீர்த்துவிட்டது போலும்.

எங்களுக்கு வழி காட்டியவர் கல்கத்தாவிலிருந்து வந்துபோகும் ஓர் அருட்சகோதரி. மலையாள நாட்டவர்; தமிழ் ஓரளவு பேசுவார். அந்த ஓரளவே எங்களுக்குப் பெருஞ்செல்வமாயிற்று. 2020 பிப்ரவரியில் எங்கள் இருவரையும் ஒன்றாக உட்காரவைத்துப் பாடம் சொன்னார். மனைவியை மட்டும் அழைத்துச் செல்லுங்கள் என்று நான் சொன்னபோது, கணவன் வராத வீட்டுக்கு இந்தப் பாடம் பயன்படாது என்று மறுத்துவிட்டார். மார்ச்சில் ஊரடங்கு வந்தது. பிறகு பாடமெல்லாம் தொலைபேசியில்தான்.

அவர் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெண்ணின் கருமுட்டை வெளிப்பட்ட பின் பன்னிரண்டு மணி முதல் இருபத்துநான்கு மணி நேரமே உயிரோடிருக்கும். ஆணின் உயிரணு பெண்ணுடலில் ஐந்து நாள் வரை தங்கும். எனவே ஒரு மாதச் சுழற்சியில் கருத்தரிக்கக்கூடிய நாள்கள் ஏறக்குறைய ஆறுதான். கணக்கு எளிதுதான், அந்த ஆறு நாள் எப்போது வரும் என்று முன்கூட்டி அறிவதில்தான் சங்கடம். முட்டை வெளிப்பட்ட பிறகு மாதவிலக்கு வருவதற்கு ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும்; இந்தப் பின்பாதி பெரும்பாலும் ஒரே அளவாக இருக்கும். முன்பாதிதான் நீளும், குறுகும். காய்ச்சல், கவலை, பயணம், பால்கொடுத்தல் எல்லாம் அதைத் தள்ளிப்போடும். புறப்படும் நேரம் தெரியாத வண்டி, புறப்பட்ட பின் சேரும் நேரம் மட்டும் தவறாத வண்டி என்று நான் சொன்னேன். சகோதரிக்கு உவமை பிடித்துவிட்டது.

புறப்பாட்டை அறிய இரண்டு அடையாளங்கள் உண்டு. ஒன்று, கருப்பை வாயில் சுரக்கும் நீர். அந்நாள்கள் நெருங்கும்போது அது முட்டையின் வெண்கருவைப் போலத் தெளிந்து, இழுத்தால் நீளும். ஆஸ்திரேலியாவில் மெல்பர்ன் நகர மருத்துவர் ஜான் பில்லிங்ஸ் 1953-இல் இதை ஆராயத் தொடங்கினார். அவருடைய மனைவி ஈவ்லின் பில்லிங்ஸும் மருத்துவரே. இரண்டாவது, காலையில் எழுமுன் வாயில் அளக்கும் உடற்சூடு. முட்டை வெளிப்பட்ட பின் அது ஏறக்குறைய அரை டிகிரி பாரன்ஹீட் உயர்ந்து, அடுத்த விலக்கு வரை உயர்ந்தே நிற்கும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்றின் ஐயத்தை மற்றொன்று தீர்க்கும்.

இஃது ஏதோ வெள்ளைக்காரர் கொண்டுவந்த புதுமை என்றும் எண்ணவேண்டா. நமது சங்கத் தமிழ் வகுப்பு ஆசிரியரிடம் கூச்சத்தோடு பேச்சுக் கொடுத்தபோது, தொல்காப்பியக் கற்பியலிலேயே இதற்கு இடமுண்டு என்றார். பூப்புக்குப் பின்னான பன்னிரண்டு நாளும் கணவன் மனைவியைப் பிரிந்து உறைதல் கூடாது என்று அந்நூல் சொல்கிறதாம். அவர்கள் பிள்ளை வேண்டிச் சொன்னார்கள். நாங்கள் தள்ளிவைக்க வேண்டிக் கேட்கிறோம். நாள்கள் ஏறக்குறைய அவையே. இக்காலத்தில் 26 முதல் 32 நாள் வரையிலான ஒழுங்கான சுழற்சி உடையவர்களுக்கு எட்டாம் நாள் முதல் பத்தொன்பதாம் நாள் வரை விலகியிருக்கச் சொல்லும் எளிய முறை ஒன்று உண்டு. அதுவும் பன்னிரண்டு நாளே! அதற்கென 32 மணிகள் கோத்த மாலை ஒன்றும் உண்டு. நமக்கு அண்டையிலுள்ள ஜார்க்கண்டில் அதனை 'மாலா சக்கரம்' என்று பெண்களிடம் பரப்பினார்கள்.

மணிமாலை நம் நாட்டுக்குப் புதிதும் அன்று. விடுதலைக்குப் பின் முதல் சுகாதார அமைச்சராக இருந்த ராஜ்குமாரி அம்ருத் கௌர் காந்தியடிகளின் தொண்டர். செயற்கை முறைகளில் அவருக்கு உடன்பாடு இல்லை. அவர் காலத்தில், உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு, 1950-களின் தொடக்கத்தில் தில்லி லோதி காலனியிலும் மைசூர் ராஜ்யத்து ராமநகரத்திலும் நாள் கணக்கு முறையைச் சோதித்தார்கள். படிப்பறியாத பெண்களுக்கு நிறம் நிறமான மணிமாலை கொடுத்தார்கள். மாலையை அணிந்திருந்தாலே போதும், கரு தங்காது என்று நம்பியவர்களும் இருந்தார்களாம். சோதனை பெரிதாக வெற்றி பெறவில்லை. மணியை நகர்த்துவது பெண். மணி சொன்னபடி நடக்கவேண்டியவன் வேறொருவன் அல்லவா?

காந்தியடிகளும் இதைப் பற்றிப் பேசியிருக்கிறார். 1935 டிசம்பரில் அமெரிக்கப் பெண்மணி மார்கரெட் சாங்கர் வார்தாவுக்கு வந்து கருத்தடையைக் குறித்து அவரோடு வாதாடினார். காந்தியடிகள் கருவிகளையும் மருந்துகளையும் ஒப்பவில்லை. 'பாதுகாப்பு நாள்' முறை மட்டும், மற்ற நாள்களில் தன்னடக்கம் வேண்டியிருப்பதால், தம்மை அவ்வளவாக உறுத்தவில்லை என்ற அளவுக்கு வந்தார். எங்கள் பக்கத்துக் கல்கத்தாவில் அன்னை தெரேசாவின் சகோதரியர் ஏழைக் குடும்பங்களுக்கு இம்முறையைக் கற்பித்தனர். 1979-இல் நோபெல் பரிசு பெற்ற மறுநாள் ஆற்றிய உரையில், ஆறு ஆண்டுகளில் கல்கத்தாவில் 61,273 பிறப்புகள் இவ்வழியால் குறைந்தன என்று அன்னை கூறினார். பார்சல் எண்ணிப் பழகிய எனக்கு, பிறக்காதவற்றைக் கடைசி மூன்று வரை எப்படி எண்ணினார்கள் என்ற ஐயம் இன்றுவரை உண்டு. அதைச் சொன்னால் மனைவிக்குக் கோபம் வரும்.

ஐயம் எனக்கு வேறு வகையிலும் இருந்தது. உலக சுகாதார நிறுவனம் பெங்களூர் உட்பட ஐந்து நகரங்களில் பில்லிங்ஸ் முறையைச் சோதித்து 1981-இல் வெளியிட்ட முடிவைப் படித்தேன். முதற் சுழற்சியிலேயே நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் அடையாளத்தை அறிந்துகொண்டனர். அவர்களுள் எழுத்தறியாதவரும் உண்டு. விதியை முற்றும் காத்தவர்களில் ஆண்டுக்கு நூற்றுக்கு மூவர் அளவே கருவுற்றனர். ஆனால் நடைமுறையில், விதியைத் தளர்த்தியவர்களையும் சேர்த்தால், இருபது பேர் அளவு! சூட்டையும் சேர்த்துக் கவனிக்கும் முறையைப் பற்றி ஜெர்மனியில் 900 பெண்களை ஆராய்ந்து 2007-இல் வெளிவந்த முடிவு, நடைமுறையிலேயே இரண்டுக்கும் குறைவு என்றது. இரண்டுக்கும் இருபதுக்கும் இடையே எங்கள் வீடு எங்கே நிற்கும்? மற்ற வீடுகளில் தவறினால் ஒரு பிள்ளை கூடும். எங்கள் வீட்டில் தவறினால் என்ன ஆகும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

எனவே இரண்டு அடையாளங்களையும் வைத்துக்கொண்டோம். கடையில் ஒரு நீள நோட்டு வாங்கினேன். அலுவலகப் பேரேட்டைப் போலக் கோடு கிழித்துத் தேதி, சூடு, அடையாளம், குறிப்பு என்று நான்கு பத்தி போட்டேன். அவள் பார்த்துச் சொல்வாள், நான் எழுதுவேன். காலை ஐந்தரை மணிக்கு எழுமுன் வெப்பமானியை வாயில் வைக்கவேண்டும். எனக்கு இரவுப் பணி உள்ள வாரங்களில் பார்சல் அலுவலகத்திலிருந்து ஐந்தரைக்கு அழைப்பேன். அவள் "உம்" என்று மட்டும் சொல்வாள். வாயில் வெப்பமானி இருக்குமே! உடன் பணியாற்றும் வங்காள நண்பர் ஒருவர் ஆறு மாதம் இதைக் கவனித்துவிட்டு, மனைவியிடம் இத்தனை அன்புள்ள மதராசியை நான் கண்டதில்லை என்றார். அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

விலகியிருக்கும் நாள்கள் எளியவை என்று எழுதினால் பொய்யாகும். முதல் ஆண்டில், ஊரடங்கின்போது, இரண்டு அறை வீட்டில், மகள் உறங்கிய பிறகு பேசுவதற்கும் ஒன்றும் இல்லாமல் நாங்கள் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக் கிடந்த இரவுகள் உண்டு. உணவில் உப்புக் கூடிற்று என்று நான் சொன்னால் அதற்கு வேறு பொருள் என்று இருவருக்கும் தெரியும். "விரதம் இருப்பவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளலாமா? அப்படியானால் ஊருக்குத் தெரிவதற்காகவா விரதம்?" என்று அவள் ஒருநாள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. ஆனால் அன்றிரவு இருவரும் தாயக்கட்டம் உருட்டினோம். அதன்பின் அந்நாள்களில் தாயம் ஆடுவது வழக்கமாயிற்று. மகள் தன்னையும் சேர்த்துக்கொள்ளும்படி அழுவாள். வெள்ளிக்கிழமை, சஷ்டி, ஏகாதசி, ரமலான் என்று நம் வீடுகளில் நோன்பு புதிதன்று. இருவரும் சேர்ந்து நோற்கும் நோன்பு இது என்பதொன்றே வேறுபாடு.

2021-ஆம் ஆண்டு ஏப்ரலில் எங்களுக்கு வந்த சோதனையை எழுதியாக வேண்டும். கொரோனாவின் இரண்டாம் அலை. ஏப்ரல் 2-ஆம் நாள் அவளுக்கு விலக்கு. 12-ஆம் நாள் காய்ச்சல். பத்து நாள் வெப்பமானி 102, 103 என்று காட்டிற்று. சூட்டுப் பத்தி முழுவதும் வீணாயிற்று. விதிப்படி அன்றிலிருந்து விலகியே இருந்தோம். காய்ச்சலில் வேறு எண்ணம் யாருக்கு வரும்? ஆனால் காய்ச்சலுக்கு முன்னே சில நாள்கள் இருந்தன. ஏப்ரல் 30-இல் வரவேண்டிய விலக்கு வரவில்லை. மே ஒன்று, இரண்டு, ஐந்து என்று கழிந்தது. நான் மருந்துக் கடையில் சோதனைப் பட்டை ஒன்று வாங்கினேன். ஒரே கோடு, கரு இல்லை என்பது பொருள். நம்பிக்கை பிறக்காமல் மற்றொரு கடையில் மற்றொன்று வாங்கினேன். அதுவும் அப்படியே. அப்படியானால் விலக்கு ஏன் வரவில்லை? பட்டை தவறினால்? மருத்துவமனைகளில் மூச்சுக்கே இடமில்லாத மாதம் அது. இவளுக்கு அழுத்தம் ஏறினால் எங்கே கொண்டுபோவது? கருவைக் கலைக்கச் சொல்வார்கள், இவள் ஒப்பமாட்டாள். இதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. தாயக்கட்டம் பெட்டிக்குள்ளேயே கிடந்தது.

மே 8-ஆம் நாள் காலை அவள் நோட்டை என்னிடம் நீட்டினாள். வாரத் தொடக்கத்தில் வெண்கரு போன்ற அடையாளம் இருந்ததை அவளே எழுதியிருந்தாள். 6, 7, 8 ஆகிய மூன்று நாளும் சூடு உயர்ந்து நின்றது.

"காய்ச்சலால் வண்டி புறப்படவே இல்லை. புதன்கிழமைதான் புறப்பட்டிருக்கிறது. இரண்டு வாரம் கழித்து, மறு மறு புதன்கிழமை வந்துவிடும்" என்றாள்.

நான் நம்பவில்லை. சகோதரியை அழைத்தேன், அவரும் அதையே சொன்னார். நம்பாமலே பதினொரு நாள் பணிக்குச் சென்று வந்தேன். அவள் மட்டும் கோதுமை புடைப்பதும், மகளுக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக் கொடுப்பதுமாக இருந்தாள். மே 19, புதன்கிழமை. நான் அலுவலகத்தில் ரசீது எழுதிக்கொண்டிருந்தபோது அவளிடமிருந்து செய்தி வந்தது: 'வண்டி வந்து சேர்ந்தது.' பத்தொன்பது நாள் தாமதம். அச்செய்தியை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

இதை வைத்து, எல்லாரும் இவ்வழியே செல்லவேண்டும் என்று நான் வாதாட வரவில்லை. குடித்துவிட்டு வரும் கணவனிடம் நோட்டைக் காட்டிப் பயனில்லை. ஆறு மாதம் கடலிலோ பாலைவன நாட்டிலோ இருந்துவிட்டு ஒரு மாத விடுப்பில் வருகிறவனுக்குப் பன்னிரண்டு நாள் என்பது பெருந்தண்டனை. சுழற்சி மிகவும் ஒழுங்கற்ற பெண்களுக்கும், கைக்குழந்தைக்காரிக்கும் அடையாளம் படிப்பது கடினம். புத்தகத்தை மட்டும் பார்த்துத் தொடங்குவதும் நன்றன்று, தெரிந்தவரிடம் கற்கவேண்டும். உயிருக்கே ஆபத்து உண்டென்று மருத்துவர் சொன்ன பெண்ணுக்கு, கணவன் ஒத்துழையாதபோது, அறுவை பாவம் என்று சொல்ல என் நா எழாது. என் மனைவி இதில் என்னோடு உடன்படவில்லை. அப்படிப்பட்ட கணவனைத்தான் அறுவை மேடைக்கு அனுப்பவேண்டும் என்பது அவள் கட்சி. அது திருச்சபையின் போதனை ஆகாது என்று நான் சுட்டிக்காட்டினால் பேச்சை மாற்றிவிடுவாள்.

2023-இன் தொடக்கத்தில் மருத்துவரே அழுத்தம் அடங்கியிருக்கிறது, விரும்பினால் முயலலாம் என்றார். மூன்றாண்டுகள் எந்த நாள்களை ஒதுக்கினோமோ அந்த நாள்களையே இப்போது தேடினோம். நோட்டு இரண்டுக்கும் உதவும் என்பதை நான் அதுவரை எண்ணிப் பார்த்ததில்லை. மூன்றாம் மாதம் முடிவதற்குள் சிறிய அளவில் ஆஸ்பிரின் மாத்திரை தொடங்கினார்கள். வாரந்தோறும் அழுத்தம் பார்த்தார்கள். அந்த அளவுகளுக்காக நோட்டில் ஐந்தாவது பத்தி ஒன்று போட்டேன். டிசம்பரில், நாள் நிறைய மூன்று வாரம் இருக்கையில், மகன் பிறந்தான். எடை இரண்டு கிலோ நானூறு. அம்மா தூத்துக்குடியிலிருந்து வந்து நாற்பது நாள் இருந்தார். ஊருக்குத் திரும்பும்போது ரயில் நிலையத்தில் என்னைத் தனியே அழைத்து, "இனியாவது அந்த ஆப்பரேஷன்..." என்று தொடங்கினார். வண்டி நகர்ந்துவிட்டது.

இப்போது மூன்றாம் நோட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. காலனியில் ஒரு தெலுங்குப் பெண்ணும் ஓர் ஒடியப் பெண்ணும் என் மனைவியிடம் கற்று வருகின்றனர். அவர்கள் கிறிஸ்தவர்கள் அல்லர். மொழி தெரியாத இடத்தில் மூவரும் நிறம் தீட்டிக் காட்டிப் பேசுகின்றனர். தமிழில் கேட்க விரும்பும் சகோதரிகள் ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்குமேல் வீட்டுக்கு வரலாம். கணவனையும் உடன் அழைத்து வரவேண்டும் என்பது அவள் நிபந்தனை. அவர்கள் உள்ளே பேசும் வரை திண்ணையில் உட்காரவைத்துத் தேநீர் கொடுப்பதும், தாயம் ஆடுவதும் என் பொறுப்பு.